விரிதாளும் அலுவலக ஏடும்

பிறந்த ஊரில் வாழ்பவரை ஊரே அறியும். அவர் இன்னாருடைய மகன், இன்ன தெருவினர், இன்ன ஆண்டு பிறந்தவர் என்பதற்கு நாலு பேர் சாட்சி சொல்வார்கள். பிழைப்பை நாடி வேறு மாநிலங்களில் குடியேறியவர்களுக்கு அந்த வசதி இல்லை. தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் ஆமதாபாத்திலும் நாம் யார் என்பதற்குச் சாட்சி சொல்பவை ஏடுகளே. சம்பள ஏடு, வருங்கால வைப்பு நிதி ஏடு, வங்கி ஏடு, ஓய்வூதிய ஏடு எனப் பலவாக விரியும் அவற்றில் நம் பெயர் எவ்வாறு எழுதப்பட்டிருக்கிறதோ அவ்வாறே அலுவலக உலகம் நம்மை அழைக்கும். நம் பிறந்த நாள் எவ்வாறு குறிக்கப்பட்டிருக்கிறதோ அதன்படியே நாம் ஓய்வு பெறுவோம்.

இவ்வேடுகள் இன்று தடித்த அட்டையிட்ட புத்தகங்களாக இல்லை. கணிப்பொறிக்குள் தரவுத்தளங்களாக இருக்கின்றன. அவற்றைப் புதுப்பிக்கும் முறையும் மாறிவிட்டது. கிளை அலுவலகங்களிலிருந்து விவரங்கள் விரிதாள்களில் வந்து சேர்கின்றன. தலைமை அலுவலகத்தில் ஒருவர் அவற்றைத் தரவுத்தளத்தில் ஏற்றுகிறார். முன்னாளில் குமாஸ்தா ஒருவருக்குக் கை தவறினால் ஒருவருடைய கணக்குக் கெட்டது. இந்நாளில் கை தவறினால் ஆயிரம் பேருடைய கணக்கு ஒரே நொடியில் கெட்டுவிடும். ஆதலால் இப்பணியில் பிழை எங்கெங்கே புகுகிறது, அதனைத் தடுக்கும் முறை யாது என்பதை இங்கே ஆராய்வோம். நேயர்களில் பலர் அலுவலகங்களில் இதே வேலையைச் செய்கிறவர்கள். ஏனையோர் அவ்வேடுகளில் பெயர் உடையவர்கள். இரு சாராருக்கும் இதில் அக்கறை உண்டு.

தாள் வேறு, ஏடு வேறு

விரிதாள் என்பது நாம் அன்றாடம் ‘எக்ஸெல் ஷீட்’ என்று சொல்லும் பொருள். கணக்கர்கள் முற்காலத்தில் கோடிட்ட அகலத் தாளை மேசைமீது விரித்து எழுதினார்கள். அப்பழக்கத்திலிருந்து பிறந்த பெயர் இது. 1979ஆம் ஆண்டில் டான் பிரிக்ளின், பாப் ஃபிராங்ஸ்டன் என்னும் இருவர் ஆப்பிள் கணிப்பொறிக்காக ‘விசிகால்க்’ என்னும் மென்பொருளை அளித்தனர். 1983இல் ‘லோட்டஸ் 1-2-3’ வந்தது. 1985இல் ‘எக்ஸெல்’ வந்தது. இவற்றின் பெருமை யாதெனில், எந்தக் கட்டத்திலும் எதையும் எழுதலாம் என்பதே. எண்ணுக்குரிய கட்டத்தில் ‘பின்னர்த் தெரிவிக்கப்படும்’ என்று எழுதினாலும் தாள் மறுப்பதில்லை.

தரவுத்தளத்தின் இயல்பு இதற்கு மாறானது. 1970ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சார்ந்த எட்கர் காட் என்னும் கணித அறிஞர் எழுதிய ஓர் ஆய்வுரையே இன்றைய தரவுத்தளங்களுக்கு அடிப்படை. விவரங்களை அட்டவணைகளில் வைக்க வேண்டும். ஒவ்வொரு வரியையும் அடையாளம் காட்ட ஒரு திறவுகோல் இருக்க வேண்டும். ஓர் அட்டவணைக்கும் மற்றோர் அட்டவணைக்கும் உள்ள உறவு அத்திறவுகோல்களால் அமைய வேண்டும் என்பது அவர் கொள்கையின் சாரம். இம்முறையில் தேதிக்குரிய இடத்தில் தேதியைத் தவிர வேறெதையும் எழுத முடியாதபடி விதி செய்யலாம். ஒரே ஊழியர் எண் இருவருக்கு வழங்கப்படாதபடி தடுக்கலாம்.

அலுவலக வழக்கில் சொல்வதானால், விரிதாள் என்பது வந்த மனு. தரவுத்தளம் என்பது பதிந்த முடிவு. மனுவை விசாரிக்காமலே முடிவாகப் பதிகிற அதிகாரி எவரும் இல்லை. விரிதாளை அப்படியே தரவுத்தளத்தில் ஏற்றுகிறவர் அதைத்தான் செய்கிறார். இக்கட்டுரையில் பின்னர் வருவன யாவும் இந்த ஒரு வேற்றுமையின் விரிவே.

வந்து சேரும் தாள்கள்

ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். தில்லியில் தலைமையகமும் சென்னை, போபால், குவாஹாத்தி, கொல்கத்தா ஆகிய நகரங்களில் கிளைகளும் உள்ள ஓர் அலுவலகம் தன் ஊழியர்களின் முகவரி, வங்கிக் கணக்கு எண், வாரிசுதாரர் பெயர் ஆகியவற்றைப் புதுப்பிக்க விரும்புகிறது. சுற்றறிக்கை செல்கிறது, கிளைகளிலிருந்து விரிதாள்கள் வருகின்றன. ஒரு கிளையின் தாளில் பத்திக்குத் தலைப்பு ‘பெயர்’. மற்றொன்றில் ‘ஊழியர் பெயர்’. இன்னொன்றில் ஹிந்தியில் தலைப்பு. ஒன்றில் அழகுக்காகச் சில கட்டங்களை ஒன்றாக இணைத்திருப்பார்கள். ஒன்றில் ஒரே கட்டத்துக்குள் இரண்டு தொலைபேசி எண்கள் இருக்கும். ஒன்றில் கடைசி வரி ஊழியர் விவரமே அன்று. ‘மொத்தம் 412’ என்னும் குறிப்பாக இருக்கும்.

இவற்றை ஒழுங்கு செய்யும்போதே முதல் ஆபத்து நேர்கிறது. பெயர்களை அகர வரிசையில் அமைக்க எண்ணி, பெயர்ப் பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்தினால் பெயர்கள் இடம் மாறும். பக்கத்துப் பத்திகளிலுள்ள வங்கிக் கணக்கு எண்கள் இருந்த இடத்திலேயே நிற்கும். தேர்வைப் பக்கத்துப் பத்திகளுக்கும் விரிக்கலாமா என்று எக்ஸெல் கேட்பதுண்டு. அவசரத்தில் வேண்டாம் என்று அழுத்திவிட்டால் ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே வேறொருவருடைய கணக்கு எண் வந்து நிற்கும். தாளைப் பார்த்தால் குறை எதுவும் புலப்படாது. எண்கள் எல்லாம் மெய்யான எண்கள். பெயர்கள் எல்லாம் மெய்யான பெயர்கள். இரண்டுக்குமுள்ள உறவு மட்டும் பொய்யாகிவிட்டது.

பெயரால் தேடலாகாது

தாளில் உள்ள ஒரு வரி ஏட்டில் உள்ள எந்த வரிக்கு உரியது? இப்பணியின் உயிரான வினா இதுவே. இதற்குப் பெயரைக் கொண்டு விடை தேடுவது எளிதாகத் தோன்றும். ஆனால் தமிழர் பெயர்களைப் பொறுத்தவரை அதனினும் அபாயமான வழி வேறில்லை.

தந்தையின் பெயர் கந்தசாமி. மகனின் பெயர் முருகன் என்று கொள்வோம். ஊரில் இவர் ‘க. முருகன்’. ஆங்கிலத்தில் ‘கே. முருகன்’. வட இந்திய அலுவலகம் ஒன்றின் படிவம் குடும்பப் பெயர் யாது என்று கேட்கும்போது ‘முருகன் கந்தசாமி’ ஆகிறார். வேறொரு படிவத்தில் ‘கந்தசாமி முருகன்’ ஆகிறார். வங்கியில் ‘முருகன் கே.’ என்று இருக்கிறது. இயந்திரத்துக்கு இவர்கள் ஐந்து பேர். மேலும், நம் வழக்கப்படி தந்தையின் பெயரே குடும்பப் பெயருக்குரிய இடத்தில் அமைவதால், மூன்று தலைமுறைக்கு மூன்று குடும்பப் பெயர்கள் ஏற்படுகின்றன. குடும்பப் பெயர் ஒன்றாக இருந்தால்தான் ஒரே குடும்பம் என்று கருதி அமைத்த ஏட்டில் பாட்டனாரும் மகனும் பேரனும் அந்நியர்களே. வருமான வரித் துறை வழங்கும் பான் எண்ணின் ஐந்தாம் எழுத்துக்கூடக் குடும்பப் பெயரின் முதலெழுத்திலிருந்துதான் அமைகிறது. விண்ணப்பத்தில் எதைக் குடும்பப் பெயராக எழுதினோம் என்பது அதனால் வாழ்நாள் முழுவதும் நம்மைத் தொடர்கிறது.

எழுத்துப் பெயர்ப்பு மற்றொரு சிக்கல். தமிழர்கள் ஆங்கிலத்தில் எழுதும்போது தகரத்துக்கு ‘டி’ என்னும் எழுத்துடன் ‘எச்’ சேர்ப்பது வழக்கம். கீதா, லதா, சுமதி முதலிய பெயர்களில் இதைக் காணலாம். ஹிந்தி அறிந்த எழுத்தருக்கு அந்த ‘எச்’ வேறோர் ஒலியைக் குறிக்கும். ஆதலால் அதைப் பிழையென்று கருதி நல்லெண்ணத்துடனேயே நீக்கிவிடுவார். ழகரத்தின் கதை இதனினும் இரங்கத்தக்கது. அழகர் என்னும் பெயரை ஆங்கிலத்தில் ‘இசட்-எச்’ இட்டு எழுதுவாரும் உண்டு, ‘எல்’ இட்டு எழுதுவாரும் உண்டு. தேவநாகரியில் ழகரத்துக்கெனப் புள்ளியிட்ட ஓர் எழுத்து இருந்தும், கனிமொழி என்னும் பெயரை ஜகரத்தை ஒத்த எழுத்தால் ‘கனிமோஜீ’ என்பது போல எழுதுவதே ஹிந்திப் பத்திரிகைகளில் பெருவழக்கு. மொழிபெயர்ப்புப் பணியில் இருப்போர் மூன்று எழுத்து முறைகளில் ஒரே மனிதர் மூவராவதை நாள்தோறும் காண்கிறார்கள்.

ஆகவே தாளையும் ஏட்டையும் இணைக்கும் பாலம் ஊழியர் எண்ணாகவோ, ஓய்வூதிய ஆணை எண்ணாகவோ, வைப்பு நிதியின் 12 இலக்கப் பொது எண்ணாகவோ இருக்க வேண்டும். பெயராக இருத்தல் கூடாது. எண் பொருந்திய பின் பெயரையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். அப்போது பெயர் இரண்டாம் சாட்சியாகப் பயன்படும். எண் பொருந்திப் பெயர் பெரிதும் வேறுபட்டால் அந்த வரியை ஏற்றாமல் நிறுத்தி வைத்து விசாரிக்க வேண்டும்.

எண்ணால் தேடும்போதும் ஓர் எச்சரிக்கை. எக்ஸெலில் ‘வி-லுக்கப்’ என்னும் சூத்திரத்தைப் பலர் பயன்படுத்துகிறார்கள். அதன் கடைசி உறுப்பைக் குறிப்பிடாமல் விட்டால், தேடிய எண் கிடைக்காதபோது ‘இல்லை’ என்று சொல்வதற்குப் பதிலாக, அதற்குக் கீழ்ப்பட்ட அண்டை எண்ணுக்குரிய விவரத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிடும். முழுப் பொருத்தம் வேண்டும் என்று வெளிப்படையாகக் குறிப்பது இன்றியமையாதது. பின்னாளில் வந்த ‘எக்ஸ்-லுக்கப்’ சூத்திரம் இயல்பாகவே முழுப் பொருத்தத்தைத் தேடுகிறது. அன்றியும், எழுத்தாகச் சேமிக்கப்பட்ட 1024 என்பதும் எண்ணாகச் சேமிக்கப்பட்ட 1024 என்பதும் கண்ணுக்கு ஒன்றாயினும் இயந்திரத்துக்கு வேறு வேறு. எண்ணின் இறுதியில் ஒட்டிக்கொண்டிருக்கும் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளியும் பொருத்தத்தைக் கெடுத்துவிடும்.

எண்களும் தேதிகளும்

எக்ஸெல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களை மட்டுமே நினைவில் வைக்கும். சில வங்கிகளின் கணக்கு எண்கள் 16 இலக்கம் கொண்டவை. அத்தகைய எண்ணைச் சாதாரணக் கட்டத்தில் எழுதினால் கடைசி இலக்கம் அறிவிப்பின்றிச் சுழியாகிவிடும். கணக்கு எண்ணின் முதலில் உள்ள சுழிகளோ முற்றாக மறைந்துவிடும். தில்லியின் தொலைபேசிக் குறியீடான 011 என்பது 11 ஆகிவிடும். 12 இலக்க ஆதார் எண் கட்டத்தில் தசமப் புள்ளியும் ‘ஈ’ என்னும் எழுத்தும் கலந்த சுருக்கமாகத் தோன்றும். அந்நிலையில் காற்புள்ளியிட்ட எளிய கோப்பாக, அதாவது ‘சி.எஸ்.வி.’யாகச் சேமித்தால் அந்தச் சுருக்கமே கோப்பில் பதியும்; மறைந்த இலக்கங்கள் திரும்பி வாரா.

இதற்கு மருந்து எளிது. கூட்டவோ பெருக்கவோ வேண்டாத எண் எதுவும் எண் அன்று, அது பெயர். ஆகவே கணக்கு எண், ஆதார் எண், தொலைபேசி எண் முதலியவற்றுக்குரிய பத்திகளை விவரம் எழுதத் தொடங்குமுன்பே ‘எழுத்து’ வகையாக அமைத்துவிட வேண்டும். எழுதிய பிறகு வகையை மாற்றினால் இழந்த இலக்கம் மீளாது. சோதனைக்கும் வழிகள் உண்டு. ஆதார் எண் சுழியிலோ ஒன்றிலோ தொடங்குவதில்லை. அதன் கடைசி இலக்கம் மற்ற இலக்கங்களைச் சரிபார்ப்பதற்கென்றே கணக்கிட்டு அமைக்கப்பட்டது. வங்கிக் கிளைகளுக்குரிய ஐ.எஃப்.எஸ். குறியீடு 11 எழுத்துக்கள் கொண்டது. அதன் ஐந்தாம் இடத்தில் நிற்பது சுழியே தவிர, ‘ஓ’ என்னும் ஆங்கில எழுத்து அன்று. இத்தகைய விதிகளைக் கொண்டு ஏற்றுமுன்பே பல பிழைகளைப் பிடித்துவிடலாம்.

தேதியில் நேரும் பிழை இவற்றினும் நுட்பமானது. நம் நாட்டில் நாள், மாதம், ஆண்டு என்ற முறையில் எழுதுகிறோம். அமெரிக்க முறையில் மாதம் முன்னும் நாள் பின்னும் வரும். கணிப்பொறி அமெரிக்க முறையில் அமைந்திருக்க, 05/08/1971 என்று எழுதினால் ஆகஸ்டு 5 என்பது மே 8 ஆகிவிடுகிறது. 25/08/1971 என்று எழுதினால் இருபத்தைந்தாம் மாதம் இல்லையாதலால் இயந்திரம் அதைத் தேதியாகக் கொள்ளாமல் வெறும் எழுத்தாக விட்டுவிடும். பொதுவாகத் தேதிகள் கட்டத்தின் வலப்புறமும் எழுத்துக்கள் இடப்புறமும் ஒட்டி நிற்கும். ஒரே பத்தியில் சில தேதிகள் வலப்புறமும் சில இடப்புறமும் நிற்கக் கண்டால், இடப்புறத்தவை தப்பிப் பிழைத்தவை, வலப்புறத்தவை ஐயத்துக்குரியவை என்று அறிக. நாளும் மாதமும் 12க்கு மேற்படாமலும் ஒன்றுக்கொன்று வேறாகவும் உள்ள தேதிகள் ஓராண்டில் 132. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர்க்கு மேல் இந்த வலையில் சிக்கக்கூடிய நாட்களில்தான் பிறந்திருப்பார்கள்.

இதனால் விளையும் நஷ்டத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். மத்திய அரசு ஊழியர்களில் பெரும்பாலோர் 60 வயது நிறையும் மாதத்தின் கடைசி நாளில் ஓய்வு பெறுகிறார்கள். 1971 ஆகஸ்டு 5 அன்று பிறந்தவர் 2031 ஆகஸ்டு 31 அன்று ஓய்வு பெற வேண்டியவர். ஏட்டில் மே 8 என்று பதிந்துவிட்டால் மே 31 அன்றே அவருக்கு விடை கொடுக்க இயந்திரம் ஆயத்தமாகும். மூன்று மாதச் சம்பளம் ஒரு சாய்கோட்டின் இரு பக்கத்திலும் நின்ற எண்கள் இடம் மாறியதால் கேள்விக்குள்ளாகிறது. ஆண்டை இரண்டு இலக்கத்தில் எழுதுவதும் இதுபோலவே தீங்கு. எக்ஸெல் நெடுங்காலமாகக் கொண்டுள்ள வழக்கப்படி 00 முதல் 29 வரையுள்ள ஆண்டுகள் 2000க்குப் பிற்பட்டவை. ‘29’ என்று எழுதப்பட்ட முதியவர் 2029இல் பிறக்கப்போகும் குழந்தையாகிவிடுவார். 80 வயது நிறைந்த மத்திய அரசு ஓய்வூதியருக்கு அடிப்படை ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடுதலாகக் கிடைக்கும்; பிறவாத குழந்தைக்கு அதை யார் கொடுப்பார்? எனவே ஆண்டு நான்கு இலக்கம், பிறகு மாதம், பிறகு நாள் என 1971-08-05 என்ற அனைத்துலக முறையில் தேதியை எழுதித் தரும்படி கிளைகளைக் கேட்பதே நன்று.

முகவரிகளும் இந்நோய்க்கு விலக்கல்ல. 5/12 என்னும் வீட்டு எண்ணை எக்ஸெல் டிசம்பர் 5 என்றோ மே 12 என்றோ படித்துவிடும். கடிதம் அந்த வீட்டுக்குப் போய்ச் சேராது.

தமிழில் எழுதிய பெயர்கள்

சங்கங்கள், தமிழ்ப் பள்ளிகள், கோயில் கமிட்டிகள் ஆகியவை வைத்திருக்கும் உறுப்பினர் ஜாபிதாக்களில் பெயர்கள் தமிழிலேயே இருப்பதுண்டு. ஒருங்குறியில் தமிழ் 1991ஆம் ஆண்டிலேயே இடம் பெற்றது. தமிழ்நாடு அரசு 2010இல் அதனை ஏற்றது. அதற்கு முற்பட்ட எழுத்துருக்களில் தட்டெழுதிய கோப்புகள் இன்னும் பலரிடம் உள்ளன. அவற்றை ஏட்டில் ஏற்றினால் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களே நிற்கும். முதலில் அவற்றை ஒருங்குறிக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். ஒருங்குறியில் உள்ள தமிழையும் பழைய முறைச் சி.எஸ்.வி. கோப்பாகச் சேமித்தால் ஒவ்வோர் எழுத்தும் கேள்விக்குறியாகிவிடும். ‘யூ.டி.எஃப்.-8’ என்னும் வகையைத் தேர்ந்தெடுத்துச் சேமிப்பதே இதற்குரிய காப்பு.

மற்றொரு நுட்பம். ‘கொ’ என்னும் எழுத்தை ஒருங்குறியில் இரண்டு வகையாக அமைக்கலாம். ஒகரக் குறியை ஒரே குறியாக இடுவது ஒரு வகை. ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியே இடுவது மற்றொரு வகை. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. சீராக்கம் செய்யாமல் ஒப்பிடும் இயந்திரமோ கொடுமுடி ஒன்றையே இரண்டு ஊர்களாகக் கொள்ளும். காலுக்குப் பதிலாக ரகரத்தையும், ஔகாரத்துக்குப் பதிலாக ஒகரமும் ளகரமும் சேர்த்தும் தட்டெழுதும் பழக்கமும் இத்தகையதே.

ஏற்றும் முறை

இனி, தாளை ஏட்டில் ஏற்றும் ஒழுங்கு முறையைப் பார்ப்போம்.

முதலாவது, ஏட்டின் காப்புப் பிரதியை எடுத்து வைக்க வேண்டும். எடுத்தால் மட்டும் போதாது, அதிலிருந்து ஏட்டை மீட்க முடிகிறதா என்றும் பார்க்க வேண்டும். இரண்டாவது, வந்த தாளை வந்தபடியே ஒரு பிரதி பூட்டி வைக்க வேண்டும். திருத்தங்களை வேறு பிரதியில் செய்ய வேண்டும். நாளை ஒருவர் ‘நான் இப்படி எழுதித் தரவில்லை’ என்றால் அதுவே சாட்சி.

மூன்றாவது, தாளை மூல அட்டவணையில் நேரே ஏற்றாமல் தரவுத்தளத்துக்குள்ளேயே ஓர் இடைக்கால அட்டவணையில் இறக்க வேண்டும். அங்கே தாளையும் ஏட்டையும் ஊழியர் எண்ணால் ஒப்பிட்டு நான்கு கட்டுகளாகப் பிரிக்கலாம். எண்ணும் விவரமும் பொருந்துவன ஒரு கட்டு. அவற்றைத் தொட வேண்டியதில்லை. எண் பொருந்தி விவரம் மாறியிருப்பன இரண்டாம் கட்டு. பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். தாளில் இருந்து ஏட்டில் இல்லாதன மூன்றாம் கட்டு. அவர்கள் புதியவர்களாக இருக்கலாம், எண் தவறியவர்களாகவும் இருக்கலாம். ஏட்டில் இருந்து தாளில் இல்லாதன நான்காம் கட்டு. இவர்களை நீக்கிவிடுவது பெருங்கேடு. நீண்ட விடுப்பில் இருப்பவரும், அயல்பணியில் வேறிடம் சென்றவரும், கிளை எழுத்தரின் கண்ணுக்குத் தப்பியவரும் இக்கட்டில் இருப்பார்கள். தாளில் பெயர் இல்லாமை, ஆள் இல்லாமை ஆகாது.

வெற்றுக் கட்டத்துக்கும் இதே நியாயம். வாரிசுதாரர் பெயருக்குரிய கட்டம் வெறுமையாக வந்தால் ‘முன்பு உள்ளதில் மாற்றமில்லை’ என்று பொருளா, ‘முன்பு உள்ளதை நீக்குக’ என்று பொருளா? தாள் இதற்கு விடை சொல்லாது. வெற்றுக் கட்டம் பழைய விவரத்தை அழிக்கக்கூடாது என்பதைப் பொது விதியாகக் கொண்டு, நீக்க வேண்டுமானால் ‘நீக்குக’ என்று எழுதும்படி சுற்றறிக்கையிலேயே சொல்லிவிட வேண்டும். கணவர் மறைந்தபின் குடும்ப ஓய்வூதியம் கேட்டு வரும் ஓர் அம்மையாரிடம், உங்கள் பெயர் ஏட்டில் இல்லை என்று சொல்லும் நிலை, என்றோ ஒரு நாள் வெற்றுக் கட்டம் ஒன்றைக் கவனியாது ஏற்றியதால் விளைந்ததாக இருக்கக்கூடும். அவருக்குத் துணை சொல்ல ஊர் அருகில் இல்லை. ஹிந்தியோ வங்காளியோ சரளமாக வராது. ஊரில் பெற்ற சான்றிதழ்களோ தமிழில் இருக்கின்றன. அந்த ஒரு கட்டத்தின் விலை அவருடைய பல மாத அலைச்சல்.

நான்காவது, ஏற்றும் கட்டளை. தரவுத்தளத்துக்குக் கட்டளையிடும் ‘எஸ்.க்யூ.எல்.’ மொழியில் ‘புதுப்பி’ என்னும் கட்டளையுடன் ‘இன்ன எண் உள்ள வரியில் மட்டும்’ என்னும் நிபந்தனையைச் சேர்க்க வேண்டும். நிபந்தனை விடுபட்டால் அட்டவணையிலுள்ள எல்லோருக்கும் ஒரே முகவரி வந்துவிடும். நல்ல வேளையாக, ‘பரிவர்த்தனை’ என்னும் ஏற்பாட்டுக்குள் கட்டளையை இட்டால், நாம் உறுதி கூறும் வரை மாற்றம் நிலைபெறாது. வேண்டாமென்றால் முழுவதையும் திரும்பப் பெறலாம். இரண்டாம் கட்டில் 412 வரிகள் இருந்தால் 412 வரிகள் மாறின என்று இயந்திரம் சொல்ல வேண்டும். 411 என்றாலும் 413 என்றாலும் உறுதி கூறாமல் திரும்பப் பெற்றுக் காரணம் தேடுவதே முறை.

ஐந்தாவது, பதிவவர் ஒருவர், ஒப்பு நோக்குபவர் மற்றொருவர் என்று இருவர் கை பட வேண்டும். வங்கிகள் பின்பற்றும் வழக்கம் இது. ஆறாவது, மாற்றத்தின் சரித்திரம் எழுதப்பட வேண்டும்: எந்த விவரம், முன்பு என்ன, இப்போது என்ன, யார், எப்போது, எந்தத் தாளைக் கொண்டு மாற்றினார் என்பது நிலைத்திருக்க வேண்டும். பழைய காகித ஏடுகளில் தவறை அழிக்கக் கூடாது, அதன்மேல் எழுதவும் கூடாது. ஒற்றைக் கோட்டால் அடித்து, சரியானதை அருகில் எழுதி, அதிகாரி சுருக்கொப்பம் இட வேண்டும் என்று நம் முன்னோர் விதித்தனர். அடிபட்ட எழுத்தும் படிக்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்பதே அதன் உட்பொருள். கருவி மாறினாலும் அந்த விதிக்கு வயதாகவில்லை.

உலகம் கண்ட பாடம்

இவையெல்லாம் மிகையான எச்சரிக்கை என்று எண்ண வேண்டாம். 2020ஆம் ஆண்டில் கொரோனாத் தொற்றுப் பரவிய காலத்தில், இங்கிலாந்தின் பொதுச் சுகாதார நிறுவனம் சோதனை முடிவுகளைப் பழைய ‘எக்ஸ்.எல்.எஸ்.’ வகை விரிதாள் வழியாகத் தன் ஏட்டுக்குக் கொண்டுசென்றது. அவ்வகைத் தாளில் 65,536 வரிகளுக்கு மேல் இடமில்லை. மிஞ்சிய வரிகள் அறிவிப்பின்றி விடுபட்டன. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 பேருடைய தொற்று விவரம் தினசரிக் கணக்கில் சேரவில்லை. அவர்களோடு பழகியவர்களைத் தேடிப்பிடித்து எச்சரிக்கும் பணி தாமதமாயிற்று. ஏற்றுமுன் எத்தனை வரி, ஏற்றியபின் எத்தனை வரி என்று எண்ணிப் பார்க்கும் எளிய வழக்கம் அதைத் தடுத்திருக்கும்.

மரபணு ஆராய்ச்சியில் சில மரபணுக்களின் ஆங்கிலச் சுருக்கப் பெயர்கள் மார்ச், செப்டம்பர் மாதங்களின் பெயர்களை ஒத்திருந்தன. எக்ஸெல் அவற்றைத் தேதிகளாக மாற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில், 2020இல் மரபணுக்களுக்குப் பெயரிடும் குழுவே அப்பெயர்களை மாற்றி அமைத்தது. அறிஞர்கள் மரபணுவின் பெயரை மாற்றிக்கொண்டார்கள். நாம் பிறந்த நாளை மாற்றிக்கொள்ள இயலாது.

நாம் செய்யக்கூடியவை

ஏடுகளில் பெயர் உடைய நாமும் சிலவற்றைச் செய்யலாம். ஆதார், பான், வங்கிக் கணக்கு, வைப்பு நிதிக் கணக்கு ஆகிய எல்லாவற்றிலும் பெயர் ஒரே விதமாக இருக்கிறதா என்று ஓய்வு வேளை ஒன்றில் வரிசையாக வைத்துப் பார்ப்பது நலம். இனிஷியலை விரித்து எழுதுவதானால் எல்லா இடத்திலும் ஒரே ஒழுங்கில் விரிக்க வேண்டும். அலுவலகம் விவரம் கேட்டு விரிதாள் அனுப்பினால் எதையும் வெறுமையாக விடாமல் ‘மாற்றமில்லை’ என்றாவது எழுதுங்கள். ஏற்றியபின், ஏட்டில் இப்போது உள்ளபடி எனக்கு ஒரு நகல் வேண்டும் என்று கேளுங்கள். நாம் எழுதிக் கொடுத்தது வேறு, பதிந்தது வேறு. பார்க்க வேண்டியது பதிந்ததைத்தான். 2023ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் தம்மைப் பற்றிய விவரத்தைத் திருத்தக் கோரும் உரிமையைக் குறிப்பிடுகிறது. பிழை திருத்தக் கேட்பது யாசகம் அன்று.

இப்பணியைச் செய்யும் அன்பர்களுக்கு ஒரு சொல். ஆதார் எண்ணும் வங்கி எண்ணும் அடங்கிய தாளைக் கைப்பேசிக் குழுக்களில் உலவவிடலாகாது. வேலை முடிந்ததும் தேவையற்ற பிரதிகளை நீக்கிவிட வேண்டும். தாளில் உள்ள வரிகள் வெறும் வரிகளாகக் கண்ணில் படும். நாளெல்லாம் அவற்றையே பார்ப்பவருக்கு அலுப்பும் தட்டும். ஆயினும் அவ்வரி ஒவ்வொன்றும் எங்கோ ஓர் ஊரில் விளக்கேற்றி வைத்துக் குடும்பம் நடத்துகிற ஒருவரைக் குறிக்கிறது. எண்ணை ஒருமுறை எண்ணிப் பார்க்கவும், ஐயமுள்ள வரியை நிறுத்தி வைக்கவும் ஆகும் நேரம் அரைமணி. அந்த அரைமணியைச் செலவிடும் எழுத்தர், தாம் ஒருபோதும் காணப்போகாத மனிதர்களுக்கு ஊராகவும் சாட்சியாகவும் நிற்கிறார்.